ப்ளூமிங்டன் மக்கள்தொகைக் கணக்கு: விடுபட்ட மாணவர்களை இப்போது சேர்க்க முடியுமா?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ப்ளூமிங்டனின் 2020 மக்கள்தொகைக் கணக்கில் விடுபட்ட மாணவர்களை, திருத்த மனு போட்டுச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. அந்தத் திருத்த மனுவுக்கான கடைசி நாள் 2023 ஜூன் 30. அதுவும் எல்லைக் குளறுபடி, பதிவுப் பிழை இவற்றுக்குத்தான். எண்ணப்படாமலே போனவர்களை அதில் சேர்க்க வழியே இல்லை. இனி மிச்சமிருப்பது நகராட்சி கணக்கெடுப்புத் துறையிடம் கேட்டுத் தன் செலவில் நடத்தும் சிறப்புக் கணக்கெடுப்பு.

2010இல் 80,405 பேர், 2020இல் 79,168 பேர். 40,000க்கும் மேல் மாணவர்கள் படிக்கும் ஊர் சுருங்கிவிட்டது என்பதை என்னாலும் ஏற்க முடியவில்லை. விடுதி மாணவர்களைப் பல்கலைக்கழகப் பதிவேட்டை வைத்து எண்ணிவிடலாம். வெளியே வாடகை வீட்டில் இருந்தவர்கள்தான் சிக்கல். ஏப்ரல் 1 கணக்கு நாள். கொரோனாவால் மார்ச்சிலேயே ஊருக்குப் போய்விட்டார்கள். விதிப்படி அவர்கள் ப்ளூமிங்டன் கணக்கில்தான் வரவேண்டும். ஆனால் படிவம் வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது, பெற்றோரோ பிள்ளையைத் தங்கள் படிவத்தில் எழுதியிருப்பார்கள்.

இதைச் சோதிக்க, வளாகத்தை ஒட்டிய பகுதிகளில் காலி வீடுகளின் விகிதத்தை 2010, 2020 இரண்டுக்கும் எடுத்துப் பாருங்கள். விடுதி எண்ணிக்கை சரியாக இருந்து, காலி வீடு மட்டும் எகிறியிருந்தால் காரணம் இதுதான். தெருத் தெருவாகப் பார்க்க வேண்டாம். தனியுரிமைக்காக அந்த அளவில் எண்களை வேண்டுமென்றே சற்று மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: சிறப்புக் கணக்கெடுப்பு இன்றைய மக்களைத்தான் எண்ணும். மாநிலங்களுக்கு நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரித்த பங்கீடு அதனால் மாறாது. ஆனால் இண்டியானாவில் ரோடு பராமரிப்புப் பணம் நகரங்களுக்குத் தலைக்கணக்கில்தான் பிரிகிறது. புது எண்ணை மாநிலம் எந்தத் தேதியிலிருந்து ஏற்கும் என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் நகராட்சியைச் செலவில் இறங்கச் சொல்லுங்கள்.