மார்க்கப், மார்ஜின்: கருவாட்டு வியாபாரத்தில் எதை வைத்து விலை போடுவது?

பாம்பனில் நெத்திலிக் கருவாட்டைக் கிலோ 200 ரூபாய்க்கு வாங்கி 250-க்கு விற்றால் லாபம் 25 சதவீதமா, 20 சதவீதமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரி. 50 ரூபாயை வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் 25 சதவீதம், அது மார்க்கப். விற்ற விலையோடு ஒப்பிட்டால் 20 சதவீதம்; அது மார்ஜின்.

சரக்கை விற்றுத் தருபவரின் கமிஷன் விற்ற தொகையில்தான் பிடிக்கப்படும் என்பதால் விலை போடும்போது மார்ஜினையே பாருங்கள். 10 சதவீதக் கமிஷன் என்றால் 250-இல் 25 ரூபாய், அதாவது உங்கள் 50-இல் சரிபாதி போய்விடும்.

பலர் கணக்கில் விடுவது எடைக் குறைவை. 100 கிலோ வாங்கி, ஈரம் காய்ந்து 95 கிலோ ஆனால் அடக்க விலை 200 அல்ல, சுமார் 210.50. விற்று வருவது 23,750, கமிஷன் 2,375, போட்ட முதல் 20,000. மிச்சம் 1,375 ரூபாய்தான். வண்டி வாடகை, சாக்கு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்! இந்த மிச்சத்தை நிகர லாபம் என்று சொல்லிவிடாதீர்கள். செலவெல்லாம் கழித்த பிறகு நிற்பதே நிகர லாபம்.

கமிஷன் 10, உங்களுக்கு மார்ஜின் 20 சதவீதம் வேண்டுமென்றால் விற்கும் விலையில் 30 சதவீதம் அதற்கே போய்விடும்; மீதி 70 சதவீதம்தான் அடக்க விலை. எனவே அடக்க விலையை 0.70-ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 301 ரூபாய். அடக்க விலையோடு 30 சதவீதம் கூட்டினால் 274 தான் வரும். அங்கேதான் கை கடிக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அதற்குச் சரக்கு வாங்கி வைக்கத் தேவைப்படும் பணம் நடைமுறை மூலதனம். சரக்கைக் கடனுக்கு விற்று அந்தப் பணத்தை முடக்கிவிடாதீர்கள்.