பள்ளி மென்பொருள் வாங்கும் முன்: ஏஜென்ட் சொல்லாமல் விடுவது

கேள்வி: மன்னார்குடி பக்கம் மெட்ரிக் பள்ளி நடத்துகிறோம். எல்கேஜி முதல் பத்தாம் வகுப்பு வரை 640 பிள்ளைகள், ஏழு பஸ். ஏஜென்ட் ஒருவர் 24 மாட்யூல் (தனித்தனி வேலைப் பிரிவு) கொண்ட பள்ளி நிர்வாக மென்பொருளோடு வந்திருக்கிறார். பிள்ளைக்கு வருஷம் 180 ரூபாய், மூன்று வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 10,000 எஸ்எம்எஸ் இலவசம், எமிஸ் (மாநிலக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) வேலையெல்லாம் தானாக முடிந்துவிடும் என்கிறார். இந்த மாதமே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலையாம். வாங்கலாமா? – தாளாளர்

பதில்: இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மென்பொருளே வேண்டாம் என்று சொல்லவில்லை. 640 பிள்ளைகளின் கட்டணக் கணக்கை நோட்டில் வைத்து மல்லுக்கட்டுவது வீண் வேலைதான். ஆனால் ஏஜென்ட் சொன்னதை வரிக்கு வரி பிரித்துப் பாருங்கள்.

பிள்ளைக்கு 180 ரூபாய் என்றால் 640 பேருக்கு வருஷம் 1,15,200 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,35,936. மூன்று வருஷத்துக்கு 4,07,808. அந்த 24 மாட்யூலில் உங்கள் அலுவலகம் தினமும் தொடப்போவது கட்டணம், வருகை, மதிப்பெண், பஸ் ஆகிய நான்கைத்தான். மற்றவை டெமோவில் காட்டுவதற்கு. நான்குக்கு மட்டும், ஒரே வருஷத்துக்கு விலை கேளுங்கள். ‘பேக்கேஜைப் பிரிக்க முடியாது சார்’ என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

இலவச எஸ்எம்எஸ் என்பது பழைய வித்தை. ஆங்கிலச் செய்திக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து, தமிழுக்கு 70தான். அதைத் தாண்டினால் 67, 67 ஆகத் துண்டாகும். துணைக்கால், கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி எழுத்தாகவே கணக்கு. ‘நாளை மழை விடுமுறை’ நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, இரண்டு இடைவெளி; கம்ப்யூட்டருக்கு 17. கட்டண நினைவூட்டல் ஒன்று 140 வந்துவிட்டால் மூன்று எஸ்எம்எஸ் காசு. 640 பெற்றோருக்கு ஒரு தடவை அனுப்ப 1,920 போகும். ஐந்து தடவை அனுப்பினால் உங்கள் பத்தாயிரம் கிட்டத்தட்ட காலி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி டிஎல்டி என்ற எஸ்எம்எஸ் பதிவுத் தளத்தில் பதிய வேண்டிய ஹெட்டரையும் (அனுப்புநராகத் தெரியும் பெயர்) செய்தி வாசகங்களையும் பள்ளியின் பெயரிலேயே பதியுங்கள். ‘எங்கள் ஹெட்டரிலேயே அனுப்பிவிடலாம்’ என்பார்கள். நாளைக்கு நீங்கள் கம்பெனி மாறினால் அது அவர்களோடே போய்விடும்.

எமிஸ் தானாக முடியும் என்பதை நம்பவே நம்பாதீர்கள். உங்கள் பள்ளியின் ஒரு பிள்ளை விவரத்தை எதிரிலேயே மாற்றி, எமிஸில் அது மாறுவதைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் யாரோ ஒரு பையன் உங்கள் பாஸ்வேர்டை வாங்கி உட்கார்ந்து தட்டச்சு செய்வதைத்தான் ‘தானாக’ என்கிறார்கள். பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ஒரே பிள்ளையின் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு தடவை, எமிஸில் ஒரு தடவை, மத்திய அரசின் பள்ளி விவரத் தளமான யூடைஸில் ஒரு தடவை என்று எழுத வைத்துவிட்டு, எழுத்துப் பிழைக்குப் பள்ளியைக் குறை சொல்லும் அரசு ஏற்பாடு இது. அதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். எமிஸில் இருக்கும் பெயரையும் இனிஷியலையும் அப்படியே எடுத்துப் புதிய மென்பொருளில் ஏற்றுங்கள். ‘மாவட்ட அலுவலகத்தில் இதைத்தான் வாங்கச் சொல்கிறார்கள்’ என்று ஏஜென்ட் இழுத்தால் சுற்றறிக்கையின் எண்ணும் தேதியும் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இனி கட்டணம். வெளியூர்க் கம்பெனிகள் மூன்று தவணைத் தேதியைப் போட்டு, தேதி தாண்டினால் அபராதம் தானாக ஏறுகிற மாதிரி வைத்திருக்கும். டெல்டாவில் அது செல்லாது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் காசு கைக்கு வர ஐப்பசி ஆகும். சம்பாக் காசு தை, மாசியில். நடுவில் 2,000, 3,000 என்று கையில் இருப்பதைக் கொண்டுவந்து கட்டுவார்கள். பகுதிப் பணத்துக்கு ரசீது போட வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை கெடு தேதியை மாற்ற முடிய வேண்டும். ரசீதில் வரும் தலைப்புகளும் தொகையும் கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையோடு ஒத்துப்போக வேண்டும். தப்பாகப் போட்ட ரசீதை ரத்து செய்தால் யார், எப்போது, ஏன் என்ற பதிவு அழியாமல் நிற்க வேண்டும். ‘வேண்டாத ரசீதை டெலீட் பண்ணிக்கலாம்’ என்று பெருமையாகச் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். நீங்கள் அழிக்க முடிந்தால் கவுன்டரில் இருப்பவரும் அழிப்பார்.

ஆர்டிஇ பிள்ளைகள் (கல்வி உரிமைச் சட்டப்படி சேர்ந்து, எட்டாம் வகுப்பு வரை அரசு கட்டணம் தரும் பிள்ளைகள்) விஷயத்தில்தான் எல்லா மென்பொருளும் சறுக்குகிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டணம் பூஜ்யம் என்று போட்டால், அரசிடம் திரும்பக் கேட்க உங்களிடம் கணக்கே இருக்காது. எல்லோரையும் போலக் கட்டணம் போட்டுவிட்டால், ஒரு பைசா கட்ட வேண்டாத பெற்றோருக்கு ‘பாக்கி’ என்று எஸ்எம்எஸ் பறக்கும், மறுநாள் காலை வாசலில் சண்டை. ‘நூறு சதவீதச் சலுகை’ என்று டிக் அடித்தாலும் சரிவராது. பள்ளி தள்ளுபடி செய்ததாகக் கணக்கு காட்டும், ஆடிட்டர் பிடிப்பார். கட்டணம் முழுசாகப் பதிவாக வேண்டும். செலுத்த வேண்டியவர் இடத்தில் அரசு என்று இருக்க வேண்டும். பஸ் கட்டணம் மட்டும் அதே பிள்ளைக்குப் பெற்றோர் பெயரில் வர வேண்டும். எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதுக்குப் போகும்போது செலுத்துபவர் மாற வேண்டும், பழைய அரசு பாக்கி அழியாமல். இதை ஒரு பிள்ளையை வைத்து டெமோவில் செய்யச் சொல்லுங்கள். ‘கஸ்டமைஸ் பண்ணித் தர்றோம்’ என்று பதில் வந்தால், இப்போது இல்லை என்று அர்த்தம்.

ஆன்லைனில் கட்டும் பணம் பள்ளியின் வங்கிக் கணக்குக்கே நேரே வர வேண்டும். கம்பெனிக் கணக்குக்குப் போய் வாரத்துக்கு ஒருமுறை உங்களுக்கு வரும் ஏற்பாட்டுக்கு, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி படுத்தால் பணமும் படுத்துவிடும்.

டெமோவை ஏஜென்ட் ஓட்டக் கூடாது. உங்கள் கிளார்க் ஓட்டட்டும். ஒரு வகுப்பின் 40 பேரை ஏற்றுங்கள். ஒரே செல் நம்பரில் அண்ணன் தங்கை, நடுவருஷத்தில் டிசி வாங்கியவர், பஸ் நிறுத்தம் மாறியவர், செக் திரும்பியவர் ஆகியோர் அதில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம்: எப்போது கேட்டாலும் எல்லா விவரமும், சேர்க்கை எண்ணைப் பெயராகக் கொண்ட போட்டோக்களும், கூடுதல் கட்டணமின்றி எக்செலில் தர வேண்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகள். விவரம் கசிந்தால் கம்பெனியைக் கைகாட்டிவிட்டு நீங்கள் ஒதுங்க முடியாது. கம்பெனியோடு உறவு முறிந்தால் 30 நாளில் அவர்கள் பக்கத்துப் பிரதியை அழிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அன்றாட வசூல் பட்டியலைச் சாயங்காலம் அச்செடுத்துக் கோப்பில் போடுங்கள். மாதம் ஒருமுறை முழு எக்செலையும் பென்டிரைவில் இறக்கிப் பள்ளி பீரோவில் வையுங்கள். விவரங்களை ஏப்ரல், மே மாதங்களில் ஏற்றி, ஜூன் முழுக்கப் பழைய ரசீதுப் புத்தகத்தையும் கூடவே ஓட்டுங்கள். இரண்டு வசூலும் ஜூன் 30 அன்று ரூபாய்க்கு ரூபாய் ஒத்துவந்த பிறகே கம்பெனிக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.