இலங்கைக்கென்று ஒரு கைத்தொழில் வடிவமைப்பு மரபு இருக்கிறதா?

கேள்வி இதுதான்: "மற்ற நாடுகள் தங்கள் வடிவமைப்பாளர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன. இலங்கைக்கென்று அப்படிக் கொண்டாடும்படியான கைத்தொழில் வடிவமைப்பு மரபு ஏதாவது உண்டா? யார் அவர்கள்?"

உண்டு. ஆனால் இதற்கு யார் பதில் சொன்னாலும் ஜெஃப்ரி பாவாவில் தொடங்கி அவர் கட்டிய ஹோட்டல்களோடு முடித்துவிடுகிறார்கள். பாவா பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கட்டடக் கலைஞர். ஆலையில் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்து, கடையில் விற்று, சாதாரண சனம் தினமும் கையில் பிடிக்கிற பொருளைப் பற்றித்தானே கேள்வி? அப்படியென்றால் என் பட்டியலில் முதல் பெயர் ரே விஜேவர்தன.

அவரைத் தெரியாதவர்களுக்கும் லாண்ட்மாஸ்டரைத் தெரியும். நான் இருப்பது திருகோணமலை நகரத்தில், மாமா வீடு தம்பலகாமத்தில். அந்தப் பக்கமும் கந்தளாய், கிண்ணியா, மூதூர்ப் பக்கமும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் எதுவானாலும் லாண்ட்மாஸ்டர்தான். மாமாவிடம் இருப்பது ஜப்பான்காரரின் குபோட்டா. இருந்தும் "லாண்ட்மாஸ்டரை எடுத்துக்கொண்டு வாடா" என்றுதான் சொல்வார். உழுவதற்கு அது. நெல் மூட்டை ஏற்ற அது. பின்னால் பெட்டியை (டிரெய்லரை) கொளுவிவிட்டால் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போகவும் அதுதான்.

ரே விஜேவர்தன 1924இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1950களில் அவர் வடிவமைத்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை இங்கிலாந்தின் நொட்டிங்காமில் இருந்த லாண்ட்மாஸ்டர் கம்பனி தயாரித்துப் பல நாடுகளுக்கு விற்றது. (நம் அப்பாமார் பொக்கிஷமாகத் துடைத்து வைத்திருந்த ரலி சைக்கிளும் அதே நொட்டிங்காமில் செய்ததுதான். அந்த ஊருக்கும் நமக்கும் ஏதோ பூர்வ ஜென்மத் தொடர்பு.) "உலகத்திலேயே முதன்முதலில் கைப்பிடி உழவு இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் இலங்கையர்" என்று சிலர் பெருமையாகப் பகிர்கிறார்கள். அது மிகை. சுவிட்சர்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் அவருக்கு முன்பே நடந்துகொண்டே உழுகிற இயந்திரங்கள் இருந்தன. வெப்பமண்டலத்துச் சிறு விவசாயியை மனதில் வைத்து ஒன்றைச் செய்தார் என்பதுதான் ரேயின் பெருமை. அதற்கே கைதட்டலாம், பொய் தேவையில்லை.

ஏன் இரண்டு சில்லு? சேற்று வயலில் பெரிய டிராக்டர் புதையும். வரம்புகளுக்கு நடுவே உள்ள சின்னத் துண்டில் அது திரும்பவும் இடம் இருக்காது. இரண்டு சில்லு மெசினோ இலேசானது. ரப்பர் சில்லைக் கழற்றிவிட்டு இரும்புச் சில்லைப் பூட்டினால் சேற்றில் நடக்கும். வரம்பு குறுக்கே வந்தாலும் பெரிய பாடில்லாமல் அந்தப் பக்கம் கொண்டுபோய்விடலாம். இன்ஜினையே வைத்துத் தண்ணீர் இறைக்கவும் முடியும்.

ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். இப்போது ஓடுகிற மெசின்களில் இரண்டு கைப்பிடிக்கும் கீழே ஒவ்வொரு கிளச் இருக்கும். இடது பக்கத்தை அழுத்தினால் இடது சில்லுக்கு இன்ஜின் சக்தி போகாது, வலது சில்லு மட்டும் தள்ளும், மெசின் இடப்பக்கம் திரும்பும். சரி. அதே மெசினில் பாரம் ஏற்றிய பெட்டியைக் கொளுவிக்கொண்டு குளக்கட்டில் இருந்து கீழே இறங்குங்கள். இப்போது பெட்டி பின்னால் இருந்து தள்ள, இன்ஜின்தான் சில்லுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது கிளச்சை அழுத்தினால் இடது சில்லு பிடி விட்டு வேகமாக உருளும், மெசின் வலப்பக்கம் திரும்பும்! பழகாதவன் நேராக வாய்க்காலுக்குள் போவான். பழகியவன் இறக்கத்தில் கையை மாற்றி அழுத்துவான். இந்தக் குணத்தை எந்தக் கம்பனியும் முழுதாகத் தீர்க்கவில்லை. நம் ஊர்ப் பொடியன்கள்தான் அதற்கேற்பத் தங்கள் கையைப் பழக்கிக்கொண்டார்கள்.

ரே விஜேவர்தனவிடம் எனக்கு மிகவும் பிடித்தது லாண்ட்மாஸ்டர்கூட இல்லை, அதற்குப் பிறகு நடந்தது. தன் மெசின் உலகமெல்லாம் விற்ற மனிதர், உழவே வேண்டுமா என்று கேட்கத் தொடங்கினார். உழவின் முக்கிய வேலை களையை அடக்குவது. வெப்பமண்டல மழையில் கிளறிவிட்ட மண் அடித்துக்கொண்டு போகும், ஈரமும் போகும். களையை வேறு வழியில் அடக்கினால் மண்ணை ஏன் புரட்ட வேண்டும்? 1970களில் நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது இந்தக் கேள்விக்கு ஒரு கருவியாலேயே பதில் சொன்னார். கையால் தள்ளுகிற ஒரு சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றிப் பறவை அலகுபோன்ற கூர்கள். உருட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு அலகும் மேலே கிடக்கும் சருகைத் துளைத்து மண்ணுக்குள் இறங்கி, வாயைத் திறந்து, விதையைப் போட்டுவிட்டு வெளியே வரும். உழவும் இல்லை, எண்ணெய்ச் செலவும் இல்லை. லாண்ட்மாஸ்டரை விட இதுதான் உயர்ந்த வடிவமைப்பு என்பது என் கட்சி. மாமா ஒத்துக்கொள்ள மாட்டார். சேற்று நெல்லுக்கு அது உதவாது என்பார், அதுவும் சரிதான்.

அப்புறம் சீமைக்கிளுவை. வேலிக்குத் தடி வெட்டி நட்டுவிட்டு மறந்துவிடுகிற மரம். அதன் இலையைப் பசளையாகவும் கிளையை விறகாகவும் பயன்படுத்தி மின்சாரம் எடுக்கலாம் என்று ரே விடாமல் வாதாடினார். 2005இல் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் அதை அறிவித்தது. எங்கள் சீனக்குடாவில் டோக்கியோ சிமெந்து ஆலையின் மின் நிலையம் உமியோடு இந்த விறகையும் எரித்துத்தான் ஓடுகிறது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டியதும், சொந்தமாகச் சின்ன விமானங்கள் கட்டிப் பறந்ததும், மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக இருந்ததும் தனிக் கதை. 2010இல் காலமானார்.

அடுத்த பெயர், லக்கி சேனாநாயக்க. ஓவியர், சிற்பி, பாவாவின் கூட்டாளி. ஆனால் அவருடைய கைவேலை அதிகம் பேரைச் சென்றடைந்தது ஹோட்டல் சுவர்களில் இல்லை, சட்டைப் பையில். 1979இல் வந்த இலங்கை நாணயத்தாள் வரிசை அவர் வரைந்தது. அதில் தலைவர்களின் முகமே இல்லை. மீன், பறவை, வண்ணத்துப்பூச்சி, பூ, மரம், எல்லாம் இந்தத் தீவில் வாழ்கிறவை. பின்பக்கத்தைப் பார்க்கத் தாளை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு நாட்டுக் காசில் ஆளைப் போடாமல் இரண்டு ரூபாத் தாளில் ஒரு மீனைப் போடுவதற்குத் துணிச்சல் வேண்டும். பழைய தாள் ஏதாவது வீட்டில் அலுமாரி மூலையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அச்சின் நுணுக்கம் இன்றைக்கும் கண்ணைப் பிடித்து நிறுத்தும்.

துணி என்று வந்தால் கைத்தறியில் நிறத்தைக் கொண்டாடிய பார்பரா சன்சோனியும் பத்திக் (துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் கலை) கலைஞர் ஈனா டி சில்வாவும் வருவார்கள். பெந்தோட்டையில் பாவா கட்டிய ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரையில் இருந்தது ஈனாவின் பத்திக்தான். இவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை.

ஆனால் "ஒரு நாட்டின் மரபு" என்ற பேச்சில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அதற்குக் காரணமே எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கப்பல். எச்.எம்.எஸ். திருகோணமலை என்ற பாய்மரப் போர்க்கப்பல் இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் நிற்கிறது. இன்னமும் மிதக்கிற பிரித்தானியப் போர்க்கப்பல்களில் மிகப் பழையது அதுதான். அது இங்கே கட்டியதும் அல்ல. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியவர் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சி. வடிவம் ஆங்கிலேயருடையதா என்றால் அதுவும் முழுதாக இல்லை. 1782இல் பிரெஞ்சுக்காரரிடம் பிடித்த 'ஹீபே' கப்பலின் உடலைப் பார்த்து வரைந்தது. வரைபடங்களைப் பம்பாய்க்குக் கொண்டுபோன 'ஜாவா' கப்பல் 1812இல் அமெரிக்கரோடு சண்டையிட்டு அழிய, மறுபடியும் அனுப்ப வேண்டி வந்தது. பிரெஞ்சு வடிவம், ஆங்கில வரைபடம், பார்சி கைகள், தேக்கு, எங்கள் ஊர்ப் பெயர். இதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? லாண்ட்மாஸ்டரும் அதே கதைதான்: இலங்கையர் வடிவமைத்து நொட்டிங்காமில் செய்தது.

"தமிழர் யாருமே இல்லையா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி ரொபின்சன் விலைக்கு வாங்கிப் பெயரை மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்று 1938இல் மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையில் சேர்த்தார்கள். அத்திலாந்திக்கைக் கடந்தது சும்மா காரியமில்லை. உடலின் வளைவிலோ பாய்மரத்தின் இடத்திலோ கணக்குப் பிசகியிருந்தால் அந்தக் கடல் காட்டிக்கொடுத்திருக்கும். அந்தக் கணக்கு வழிவழியாக வந்த, கப்பல் கட்டும் மேத்திரிமாரின் கணக்கு.

அதே கை இன்றும் இருக்கிறது, வேறு வேலையில். லாண்ட்மாஸ்டருக்குப் பின்னால் ஓடுகிற பெட்டி ஜப்பானில் இருந்து வருவதில்லை. ஊர் வெல்டிங் கடையில் பழைய வாகனத்து அச்சு, இரும்புச் சட்டம், பலகை வைத்து அடிக்கிறார்கள். ஓட்டுபவர் உட்காரும் பலகையின் உயரமும் கொளுவியின் நீளமும் கடைக்குக் கடை மாறும். மாமா தன்னுடைய பெட்டியை வேண்டுமென்றே கிண்ணியாவில் போய் அடித்தார். அங்கே அடிக்கும் கொளுவி மற்றதை விட ஒரு சாண் நீளம் கூட, மெசின் முழுதாக மடங்கித் திரும்பும்போது கைப்பிடி முழங்காலில் இடிக்காது.