எல்லையோரத்தில் ஒரு பிரதிநிதி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மார்த்தாண்டம் பக்கத்தில் ஆக்கர் கடை (பழைய பொருள் வாங்கி விற்கும் கடை) வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கியது. மறுசுழற்சித் தொழில் செய்பவர்களின் மாநிலச் சங்கத்தில் எங்கள் பகுதிக்குப் பிரதிநிதியாக இருக்கச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது, பஸ் காசும் கையிலிருந்துதான். "கேரளாக் குப்பைக்கு ஏஜெண்டு என்றுதான் ஊர் சொல்லும்" என்று வீட்டில் தடுக்கிறார்கள். போன மாதம்கூட கேரளாப் பக்கம் பாறசாலையிலிருந்து பாட்டில் லோடு ஏற்றிவந்த என் வண்டியைச் சோதனைச் சாவடி ஒன்றில் ராத்திரி முழுக்க நிறுத்திப்போட்டார்கள். பில் காட்டியும் விடவில்லை. இந்தப் பொறுப்பை ஏற்றால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

உண்டு. ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஊரின் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டம் கொடகநல்லூர், பழவூர் பகுதிகளில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசே அதை அள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று 3 நாள் கெடு விதித்த பிறகுதான் லாரிகள் வந்தன. தன் ஊர் எல்லையில் அதைப் பார்த்தவர்கள் அடுத்து வரும் கேரள வண்டியை மறிக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் உங்கள் வண்டியில் வந்தது சரக்கு. காசு கொடுத்து வாங்கியது. வாங்கிக்கொள்ள ஆலை இருக்கிறது. அங்கே அது பாலியெஸ்டர் நூலாகப் போகிறது. நடுராத்திரியில் டார்ச் அடித்துப் பார்க்கும் காவலருக்குத் தார்ப்பாய்க்கு அடியில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பில், 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு), போய்ச்சேரும் ஆலையின் விவரம், ஏற்றும்போது எடுத்த படம் என்று எதெது கையில் இருந்தால் வண்டி போகலாம் என்பதை மாவட்ட நிர்வாகமும் போலீசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஒன்றாக உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். தனியாக ஒரு கடைக்காரர் போய்க் கேட்டால் காத்திருக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சங்கத்தின் மனுவோடு போங்கள்.

அந்த மனுவுக்கு மதிப்பு இருக்கவேண்டுமென்றால் இன்னொன்றும் செய்யவேண்டும். மேலே அட்டைப்பெட்டி, அடியில் கோழிக்கழிவு என்று ஏற்றிவருகிறவர் யாரென்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அப்படிப்பட்டவருக்குச் சங்கத்தில் இடமில்லை என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பகை வரும், தெரிந்தே சொல்கிறேன்.

அடுத்தது, உங்கள் கடைகளில் குனிந்து உட்கார்ந்து தரம் பிரிக்கும் பெண்கள். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். தண்ணீர், சோடா விற்கும் பெட் பாட்டிலோடு, குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் கலந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீரில் போட்டுப் பிரிக்கவும் வழியில்லை, இரண்டுமே மூழ்கும். பெட் உருகும் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலம் விட ஆரம்பிக்கும். ஒரு லோடில் கொஞ்சம் கிடந்தாலே உருக்கியது கருத்துப்போகும். பெரிய ஆலைகளில் இதற்கென்று இயந்திரம் உண்டு. நம் பக்கத்துச் சின்னக் கடைகளில் அந்தப் பெண்களின் கண்ணும் விரலும்தான். அழுத்திக் கட்டி ஆலைக்கு அனுப்பும் பேலுக்குக் கிடைக்கும் விலையே அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் கையிலோ உறைகூட இல்லை. குப்பை பொறுக்குவோரையும் பழைய பொருள் வியாபாரிகளையும் உள்ளாட்சிகள் பதிவுசெய்ய வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. உங்கள் பகுதியில் எத்தனை பேருக்கு அந்தப் பதிவு கிடைத்திருக்கிறது என்று கணக்கெடுங்கள். பிரதிநிதி என்று பெயர் போட்டுக்கொண்டு மேலே கொண்டுபோக இதைவிடப் பெரிய விஷயம் வேறில்லை.

எல்லைக்கு அந்தப்பக்கம், கேரளத்தில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடுவீடாகப் போய்க் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்குகிறார்கள். வீட்டுக்காரர்கள் அதற்கு மாதாமாதம் கட்டணமும் கொடுக்கிறார்கள். இந்தப்பக்கம் நம் தூய்மைக் காவலர்கள் கலந்து கிடக்கும் குப்பையில் கைவிட்டுப் பிரிக்கவேண்டியிருக்கிறது. இரண்டு சரக்கையும் கையில் எடுத்துப் பார்த்தவர் நீங்கள். சென்னையில் கூட்டம் போடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தை உங்களைப்போன்ற ஒருவர்தான் எடுத்துச்சொல்ல முடியும்.

குளச்சல், தூத்தூர் கரையில் கிடக்கும் பழைய நைலான் வலைகளையும் விட்டுவிடாதீர்கள். கொல்லம் நீண்டகரையில் கடலில் வலையோடு வரும் பிளாஸ்டிக்கை மீனவர்களே கரைக்குக் கொண்டுவரும் திட்டத்தை 2017இல் தொடங்கினார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பஸ் காசைச் சங்கத்திடம் கேட்டு வாங்குங்கள். இதில் கூச்சமே வேண்டாம். உழைப்பை இலவசமாகக் கொடுக்கலாம். ஆனால் கைக்காசு செலவழிக்க முடிந்தவர்தான் பிரதிநிதி ஆகமுடியும் என்றால், நாளைக்கு அந்த நாற்காலியில் பெரிய குடோன்காரர் மட்டும்தான் உட்காருவார். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வருடத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குள் இன்னொரு கடைக்காரரை, முடிந்தால் தரம் பிரிக்கும் ஒரு பெண்ணையே, கூட்டங்களுக்கு உடன் அழைத்துப்போய்ப் பழக்கிவிடுங்கள்.