வரைவு எழுதப்படும் நேரம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பெண்களின் பொதுவாழ்வு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நானும் சில தோழிகளும் சேர்ந்து ஒரு சிறிய பெண்கள் அமைப்பை நடத்துகிறோம். பெண்கள் தயக்கமில்லாமல் பேசவும் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ளவும் பயிலரங்குகள் வைக்கிறோம். வருகிறவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனாலும் அரசின் ஒரு முடிவைக்கூட எங்களால் மாற்ற முடிந்ததில்லை. மனு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள், அதோடு சரி. பதவிக்கு வராமல் பெண்களால் எதுவுமே செய்ய முடியாதா? பதவிக்கு வந்தவர்களிலும் பலர் கணவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் அந்த நம்பிக்கையும் போய்விடுகிறது. எங்கே தவறுகிறோம்?

(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

வருகிறவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேசத் தெரிந்தவர்களுக்கு எதற்கு மேலும் மேலும் பேச்சுப் பயிற்சி?

பெண்களுக்குத் தன்னம்பிக்கை போதாது, அதனால்தான் அரசின் காதில் அவர்கள் சொல்வது விழுவதில்லை என்ற எண்ணம் பெண்களுக்காக உழைக்கும் அமைப்புகளிலேயே ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஒரு முடிவை யார் எடுக்கிறார், எந்த மாதத்தில் எடுக்கிறார், அது எந்தக் கோப்பில் முதலில் எழுதப்படுகிறது என்பதைப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. உங்கள் மனுக்கள் பெரும்பாலும் முடிவு அறிவிக்கப்பட்ட பிறகு போகின்றன. அறிவிப்புக்குப் பல மாதங்கள் முன்பே துறைகள் தங்கள் தேவைப் பட்டியலை அனுப்பியிருக்கும், தொகை ஒதுக்கப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு வரும் மனுவை ஏற்க நினைக்கும் அதிகாரிக்குக்கூட வழியிருக்காது.

எலினார் ராத்போன் என்ற பிரிட்டிஷ் பெண்மணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1909இல் லிவர்பூல் நகரமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் அவர். முதல் உலகப் போரின்போது சிப்பாய்களின் மனைவியருக்கு அரசு தந்த படித்தொகை சரியாகப் போய்ச்சேருகிறதா என்று பார்க்கும் பணியில் இருந்தார். பணம் கணவன் வழியாக வராமல் நேராக மனைவியின் கைக்கே வரும்போது ஒரு குடும்பம் எப்படி நிமிர்கிறது என்பதை அங்கே கண்ணால் கண்டார். பிள்ளைகளுக்காக அரசு தரும் தொகை தாயிடம் போக வேண்டும் என்ற கோரிக்கை அதிலிருந்து பிறந்தது. 1929இல் சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பிறகும் அதை விடவில்லை.

1945இல் குடும்ப உதவித்தொகை மசோதா வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக அவர் கேட்டுவந்த சட்டம். ஆனால் தொகை தந்தைக்கு உரியது என்று அதில் எழுதியிருந்தார்கள். இந்த மட்டுமாவது கிடைத்ததே என்று பலரும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். இது மாறாவிட்டால் நானே எதிர்த்து வாக்களிப்பேன் என்று நின்றார் ராத்போன். கடைசியில் கட்சிக் கட்டளை இல்லாமல் உறுப்பினர்களின் விருப்பத்துக்கே விட்டது அரசு. தொகை தாய்க்கு உரியதானது. இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். 1946 ஆகஸ்டில் அது வழங்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில் காலமாகிவிட்டார்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய பேச்சுத்திறன் அல்ல. உள்ளூரில் கண்டதை ஒரே கோரிக்கையாகச் சுருக்கினார். மசோதாவின் வாசகத்தை வரிவரியாகப் படித்தார். தவறு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் முன்னேற வேண்டும் என்று பொதுவாகக் கேட்டிருந்தால் எல்லாக் கட்சிகளும் கைதட்டியிருக்கும், தொகை தந்தையிடமே போயிருக்கும்.

உள்ளாட்சி அளவில் இன்னும் சிறிய முடிவுகளே வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்ற ஊரில் பனி அகற்றும் வேலை பெருஞ்சாலைகளில் தொடங்கி நடைபாதைகளில் முடிவதாக இருந்தது. கார் ஓட்டுகிறவர்களில் ஆண்கள் அதிகம். நடந்தும் பேருந்திலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும் போகிறவர்களில் பெண்கள் அதிகம். நகராட்சி தன் பணிகளைப் பாலின நோக்கில் ஆராய்ந்தபோதுதான் இது கண்ணில் பட்டது. வரிசையை மாற்றி, நடைபாதைகளிலிருந்து தொடங்கினார்கள். பெண்களை ஒதுக்க வேண்டும் என்று நினைத்து யாரும் பழைய வரிசையைப் போடவில்லை. அது போடப்பட்டபோது கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பதவி பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது நடக்கிறது. நானும் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. பொருளாதார ஆய்வாளர்களான ராகவேந்திர சட்டோபாத்யாயாவும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் இதை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் குடிநீருக்கு அதிகம் செலவாகியிருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் அதிகம் முறையிட்டதும் குடிநீரைப் பற்றித்தான். சாலை விஷயத்தில் இரண்டு மாநிலங்களும் ஒன்றுபோல் இல்லை. மேற்கு வங்கத்தில் சாலைக்கும் கூடுதலாகச் செலவிட்டார்கள், ராஜஸ்தானில் குறைத்தார்கள். அந்தந்த இடத்துப் பெண்களின் தேவை அப்படி. பெண்களுக்கு என்ன வேண்டும் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

ஆனால் உள்ளே போனவரைத் தனியே விட்டால் அவர் தோற்பார். முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாண சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக நின்றபோது, அந்த முறையின் கொடுமையைத் தாமே அனுபவித்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் வெளியே ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். தீர்மானம் 1927இல். முழுமையான தடைச்சட்டம் வந்தது 1947இல். முத்துலட்சுமி 1930இலேயே பதவி விலகிவிட்டார். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் கோரிக்கை சாகாமல் இருந்தது வெளியே இருந்தவர்களால்.

வென்ற பிறகு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1992இல் நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி வகுப்புக்குப் போன பெண்கள், தூபகுண்டா கிராமத்தில் பெண்கள் சாராயக் கடையை மூடிய கதையைத் தங்கள் பாடநூலில் படித்துக் கிளர்ந்தெழுந்தார்கள். 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது, 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் எடுத்துவிட்டார்கள். அரசு சொன்ன காரணங்களில் முக்கியமானது வருவாய் இழப்பு. தெருவில் வென்ற அந்தப் பெண்கள் வரவுசெலவுக் கணக்கு பேசப்பட்ட அறையில் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

ஆகவே கணக்கைக் கற்றுக்கொடுங்கள். வரவுசெலவுத் திட்டத்தில் பெண்களுக்கு என்ன போகிறது என்று தனியே காட்டும் வழக்கத்தை ஆஸ்திரேலியா 1984இல் தொடங்கியது. இந்திய மத்திய அரசும் 2005-06 முதல் அப்படியொரு அறிக்கையை வெளியிடுகிறது. அதைப் படிப்பவர்கள் மிகக் குறைவு. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. எல்லா வரைவுகளும் அப்படி வைக்கப்படுவதில்லை. வைக்கப்படும்போதாவது நாம் எழுத வேண்டாமா? நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் எழுத்துப்பூர்வமான கருத்துகளைக் கேட்டு விளம்பரம் தருகின்றன. தேவையான தகவலைப் பெற 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இன்னொன்று. கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றில் ஒரு பெண் எழுந்து தேதி, தொகை எல்லாம் சொல்லி அருமையாகப் பேசினார். அரங்கமே அமைதியாகக் கேட்டது. பிறகு வெளிவந்த கூட்டக் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: "பொதுமக்கள் தங்கள் கருத்துகளைத் தெரிவித்தனர்." பேசியதை எழுத்திலும் கொடுத்து, ஒப்புகை வாங்கி, கூட்டக் குறிப்பில் சேர்க்கச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பைப் படித்துக் கேட்பதுவரை ஒரே வேலை. பாதியில் விட்டால் செய்யாததற்குச் சமம்.

இதற்கெல்லாம் பெண்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். உண்மையில் நீங்கள் உதவ வேண்டிய இடம் அதுதான். கூட்டம் மாலையில் என்றால் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை ஏற்பாடு செய்யுங்கள். போகவர வண்டி பிடித்துக் கொடுங்கள். தனியாக அனுப்பாமல் நாலு பேராக அனுப்புங்கள். கூட்ட நேரத்தையே மாற்றச் சொல்லிக் கேட்பதுகூட நல்ல முதல் கோரிக்கை. கிடைத்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு இன்னும் நிறையப் பேர் வருவார்கள்.

அடுத்த பயிலரங்கில் உங்கள் உள்ளாட்சியின் வரவுசெலவு அறிக்கையை மேசையில் போட்டு, ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அந்தத் தொகையை யார் எப்போது எழுதுகிறார்கள் என்று வந்திருப்பவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எந்தத் தலைப்பை எடுத்தீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள். வரைவுகளை வாசிப்பதிலும் மனுவைச் செப்பம்செய்வதிலும் என்னால் முடிந்ததை நிச்சயம் செய்கிறேன்.

அன்புடன்.