அடி நறுக்கிய புற்றுக்காளானை வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு கனகபுரா சாலையோரத்தில், மழைக்குப் பின் கூடையில் வைத்து விற்ற காளானைப் புற்றுக்காளான் என்று சொன்னதால் அரைக் கிலோ வாங்கினேன். தண்டின் அடிப்பகுதியை நறுக்கிச் சுத்தமாகக் கொடுத்தார்கள். பூண்டு சேர்த்து வேகவைத்து, பூண்டு கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்று மாமியார் சொல்கிறார். நம்பலாமா?
- வாசகி, அல்சூர்

பதில்: நம்ப வேண்டாம். பூண்டு கறுப்பதற்கும் காளானின் நஞ்சுக்கும் தொடர்பே இல்லை; உயிரைப் பறிக்கும் அமானிட்டா என்னும் காளான் வகைகளின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

புற்றுக்காளானின் முதன்மையான அடையாளம், உங்களுக்கு விற்றவர் நறுக்கி எறிந்த பகுதியில்தான் இருந்தது. கறையான்கள் மண்ணுக்கடியில் பேணும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து இது முளைப்பதால், தண்டின் அடி வேரைப்போல நீண்டு கீழே இறங்கும். மண்ணைத் துளைத்து மேலே வருவதற்கேற்பக் குடையின் நடுவில் கெட்டியான முனை ஒன்றும் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன் 1979-இல் புதிய இனமாக விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி இவ்வகையைச் சேர்ந்ததே. அமானிட்டாவிலோ, அந்த இடத்தில் வேருக்குப் பதிலாகப் பைபோன்ற உறை இருக்கும். அடியை நறுக்கிவிட்டால் இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம். ஆகவே மண்ணோடு, அடி முழுதாக உள்ள காளானை மட்டுமே கேட்டு வாங்குங்கள். எடையில் கொஞ்சம் மண் சேர்ந்தாலும் அது நட்டமில்லை.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். விரிந்த குடை ஒன்றை, மடிப்புகள் கீழே இருக்குமாறு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடி, இரவு முழுதும் விடுங்கள். புற்றுக்காளானின் வித்துத்தூள் வெளிறிய இளஞ்சிவப்பாக விழும். பச்சையாக விழுந்தால், அது புல்வெளிகளில் முளைத்துக் கடும் வாந்தி பேதியை உண்டாக்கும் குளோரோபில்லம். வெள்ளையாக விழுந்தால் அமானிட்டாவாக இருக்கலாம். ஆனால் நச்சுக்காளான் சிலவற்றிலும் தூள் இளஞ்சிவப்பாகவே விழும் என்பதால், இச்சோதனை தள்ளுவதற்கு மட்டுமே உதவும், கொள்வதற்கு உதவாது.

பண்ணையில் வளர்த்த புற்றுக்காளான் என்று யாரேனும் விற்றால் அதையும் தவிர்த்துவிடுங்கள். கறையானின்றி இது எளிதில் வளராது.

இப்போது கையில் இருப்பதைச் சமைக்க வேண்டாம். ஏற்கெனவே யாரேனும் சாப்பிட்டிருந்தால், வாந்தி வரும்வரை காத்திராமல், மிச்சமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உயிரைப் பறிக்கும் அமானிட்டாவின் அறிகுறிகள் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும். நடுவில் குணமானதுபோலத் தோன்றும்போதும் கல்லீரல் பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.