என் வீட்டில் யார் குடியிருப்பது என்று நான் சொல்லக் கூடாதா?

கேள்வி: டெக்ஸஸில், டாலஸ் பக்கம் ஒரு டூப்ளெக்ஸ் வாங்கியிருக்கிறோம். ஒரு பாதியில் நாங்கள் இருக்கிறோம், மறு பாதியை வாடகைக்கு விடுகிறோம். ‘தமிழ் சைவக் குடும்பத்துக்கு மட்டும்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு இணையதளத்திலும் விளம்பரம் கொடுத்தோம். தெரிந்த ஏஜென்ட் ஒருவர்தான் எல்லாம் பார்த்துக்கொண்டார். கறுப்பினப் பெண் ஒருவர் விசாரித்தபோது, ‘ஆள் வந்தாச்சு’ என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரமும் விளம்பரம் அப்படியே இருந்திருக்கிறது. இப்போது பாகுபாட்டுப் புகார் என்று அரசுக் கடிதம் வந்திருக்கிறது. நாலு வீடு வரை சட்டத்தில் விலக்கு உண்டு, பயப்பட வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். யாரோடு சேர்ந்து வாழ்வது என்பது எங்கள் உரிமை இல்லையா? நாங்கள் இருக்கும் பாதியில் ஓர் அறையை விட்டாலும் இதே விதிதானா?

பதில்: முதலில் கடிதத்தைப் பார்ப்போம். இப்படிப்பட்ட நோட்டீஸ் கைக்கு வந்ததிலிருந்து எழுத்து மூலம் பதில் தர 10 நாள்தான் அவகாசம். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று மேசையில் போட்டு வைக்காதீர்கள். வீட்டுப் பாகுபாட்டு வழக்குகளில் பழகிய வழக்கறிஞரை இன்றே பாருங்கள். வாட்ஸ்அப் செய்தி, விளம்பரத்தின் படம், ஏஜென்ட்டோடு பேசிய குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். அந்தப் பெண்ணுக்கு நீங்களாகவே போன் செய்து சமாதானமும் பேச வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் கூப்பிட்டேன் என்று நீங்கள் சொன்னாலும், மிரட்டினார் என்று பதிவாக வாய்ப்பிருக்கிறது. புகார் கொடுத்தவரை மிரட்டுவது தனிக் குற்றச்சாட்டு. சமரசம் பேச விசாரணைக்குள்ளேயே வழி இருக்கிறது, விசாரணை அதிகாரி மூலமாகவே போகட்டும்.

சரி, உரிமைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. யாரோடு நெருங்கி வாழ்வது என்பதை மனிதர் தாமே முடிவு செய்துகொள்ளும் உரிமையை அமெரிக்க நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 1984-இல் ஜேசீஸ் என்ற இளைஞர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது. குடும்பம் போன்ற சின்ன, நெருக்கமான உறவுகளுக்குப் பாதுகாப்பு பலமாக உண்டு. ஊரில் உள்ளவர்களையெல்லாம் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் பெரிய சங்கம், பெண்களை மட்டும் முழு உறுப்பினராக்க மாட்டோம் என்று சொல்ல அந்தப் பாதுகாப்பு உதவாது. அதற்கு முன்பே, 1976-இல், கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த தனியார் பள்ளிகளின் வழக்கிலும், சேர்ந்து பழகும் உரிமை அந்த மறுப்புக்குக் கேடயமாகாது என்று சொல்லிவிட்டது. உங்கள் சமையலறையும் கூடமும் முதல் வகை. சுவருக்கு அந்தப் பக்கம் தனி வாசல், தனி அடுப்படியோடு இருக்கும் வீட்டை மாத வாடகைக்கு விடுவது வியாபாரம். அதைச் ‘சேர்ந்து வாழ்வது’ என்ற கணக்கில் கொண்டுவர முடியாது.

ஏஜென்ட் சொன்ன ‘நாலு வீட்டு விலக்கு’ கற்பனையில்லை. 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் அது இருக்கிறது. சிவில் உரிமைச் சட்டங்கள் வந்த அந்தக் காலத்தில் ‘திருமதி மர்ஃபி’ என்ற பாத்திரத்தை வைத்து விவாதித்தார்கள். தன் வீட்டிலேயே சில அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற ஓர் எளிய அம்மா, அவரையும் சட்டம் பிடிக்கலாமா என்பதுதான் கேள்வி. அதனால் இன்றும் இதற்குத் திருமதி மர்ஃபி விலக்கு என்றுதான் பேர். கட்டடத்தில் தனித்தனியாக வாழும் குடும்பங்கள் நாலுக்கு மேல் இருக்கக் கூடாது. சொந்தக்காரர் அதில் ஒரு பகுதியில் நிஜமாகவே குடியிருக்க வேண்டும். விலாசத்துக்காகப் பெயரளவில் வைத்திருப்பது போதாது. உங்கள் டூப்ளெக்ஸ் இதற்குள் வருகிறது. டெக்ஸஸ் மாநிலச் சட்டமும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

ஆனால் இந்த விலக்கில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. உங்கள் விஷயம் மூன்றின் வழியாகவும் ஒழுகுகிறது.

ஒன்று, விளம்பரம். யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதற்குத்தான் விலக்கு, எழுதி அறிவிப்பதற்கு இல்லை. இனம், மதம், பூர்விக நாடு போன்றவற்றை வைத்து ‘இன்னார்க்கு மட்டும்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்ற தடை, விலக்குப் பெற்ற வீட்டுக்கும் அப்படியே உண்டு. ‘தமிழ்’ என்று போட்டதுமே தடையை மீறியாகிவிட்டது. வாட்ஸ்அப் குழு நம்மவர்களுக்குள்தானே என்று பலர் நினைக்கிறார்கள். அதில் வருவதும் வாடகை விளம்பரம்தான், அதை யாராவது ஒருவர் படம் எடுத்து அனுப்பினால் போதும்.

இரண்டு, இனம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1866-இல் வந்த சிவில் உரிமைச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. வெள்ளையருக்கு உள்ள அதே உரிமையோடு சொத்து வாங்கவும் விற்கவும் குத்தகைக்கு எடுக்கவும் எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. தனியார் செய்யும் பாகுபாட்டையும் அது தடுக்கிறது என்று 1968 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் திருமதி மர்ஃபிக்கு இடமே இல்லை. ஒரே ஓர் அறையை விட்டாலும், இனம் காரணமாக மறுத்தால் அந்தச் சட்டத்தில் வழக்குப் போடலாம். அது மட்டுமா? இனம் என்றால் வம்சாவளியும் அடங்கும் என்று 1987-இல் ஓர் அரபுப் பேராசிரியர் வழக்கிலும் ஒரு யூத வழிபாட்டுத் தலத்தின் வழக்கிலும் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘நாங்கள் நிறம் பார்க்கவில்லை, தமிழரா என்றுதான் பார்த்தோம்’ என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. நாளைக்கு ஒருவர் உங்கள் மகனிடம் ‘இந்தியர்களுக்கு வீடு கிடையாது’ என்றால் அவனுக்குக் கை கொடுக்கப்போவதும் இதே சட்டம்தான்.

மூன்று, ஏஜென்ட். எனக்கு ரொம்ப ஆத்திரம் வருகிற இடம் இது. நம்மவர்களுக்கு நடுவில் ஒரு ரகப் புரோக்கர்கள் உருவாகியிருக்கிறார்கள். பெயரைப் பார்த்தும் குரலைக் கேட்டும் வடிகட்டித் தருவதையே சேவையாக விற்கிறார்கள். ‘சார், உங்களுக்கு ஒத்துவருகிற ஆளைத்தான் அனுப்புவேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வீட்டுக்காரருக்கு என்ன விலக்கு இருந்தாலும், இனம் காரணமாகச் சொன்ன ‘வீடு இல்லை’ என்ற பொய்க்கு அது போர்வையாகாது. புரோக்கருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. உங்கள் சார்பில் அவர் செய்தது உங்கள் தலையிலும் விழும். முதலாளி, ஏஜென்ட் என்ற சாதாரணப் பொறுப்பு விதி இங்கும் பொருந்தும் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. கமிஷன் அவருக்கு, கடிதம் உங்களுக்கு.

விசாரித்த பெண் நிஜமாக வீடு தேடியவரா என்று நீங்கள் யோசிக்கலாம். வீட்டு உரிமை அமைப்புகள் சோதனைக்காகவே ஆட்களை அனுப்புகின்றன. ஒரே வாரத்தில் ஒரு கறுப்பினத்தவர், ஒரு வெள்ளையர் என்று அடுத்தடுத்து விசாரிக்கவைத்து, பதில் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பொய்ப் பதில் கிடைத்த சோதனையாளரும் வழக்குப் போடலாம் என்பது 1982-லிருந்தே சட்டம். ஆகவே ‘அவர் வாடகைக்கு வரவே இல்லையே’ என்று வாதாடிப் பயனில்லை.

இன்னொரு வகை ஆளும் இந்த நேரத்தில் வருவார். ‘ஆபீஸில் ஆளிருக்கிறது, இரண்டாயிரம் டாலர் கொடுத்தால் ஃபைலை மூடிவிடலாம்’ என்பார். புகார் கொடுப்பதற்கும் விசாரிப்பதற்கும் அரசு ஒரு காசும் வாங்குவதில்லை. அந்தப் பணம் அந்த ஆளின் பையோடு நின்றுவிடும், நீங்களோ ஏற்கெனவே உள்ள சிக்கலோடு லஞ்சச் சிக்கலிலும் மாட்டுவீர்கள்.

இனி உங்கள் பாதியில் ஓர் அறை. அடுப்பையும் கூடத்தையும் பகிர்ந்துகொள்ளும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு நிஜமாகவே அதிக சுதந்திரம் உண்டு. கூட்டாகத் தங்கும் அறைத்தோழரைத் தேடும் இணையதளம் ஒன்றின் வழக்கில், 2012-இல் ஒன்பதாம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரே வீட்டுக்குள் அறையைப் பகிர்வதில் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் தலையிடாது என்றது. அந்தரங்கமான உறவில் கைவைத்தால் அரசியல் சட்டக் கேள்வி எழும் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்தச் சரகம் கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற மேற்கு மாநிலங்களுக்கானது. டெக்ஸஸ் ஐந்தாம் சரகத்தில் இருக்கிறது, அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. 1866 சட்டமும் இங்கே அப்படியேதான் நிற்கிறது. அதனால் அறைக்கும் இனத்தையோ ஊரையோ எழுதாதீர்கள்.

ஒரே நாட்டில் ஒரு விஷயத்துக்கு 1866-இல் ஒரு சட்டம், 1968-இல் ஒரு சட்டம், மாநிலத்துக்கு ஒன்று, சில நகரங்களுக்கு இன்னொன்று, ஒவ்வொன்றிலும் வேறு வேறு விலக்கு. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் கையெழுத்தாகும் அன்றே வாங்குகிறவர் கையில் கொடுத்தால் என்ன? புகாரை 100 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ‘இயலாதபட்சத்தில்’ என்று ஒரு வார்த்தையையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். வீடு மறுக்கப்பட்டவர் அதற்குள் வேறு ஊருக்கே போயிருப்பார். தெரியாமல் தப்புச் செய்த வீட்டுக்காரரும் அத்தனை நாளும் தூக்கமில்லாமல் கிடக்க வேண்டியிருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: இரண்டு இடத்திலும் உள்ள விளம்பரத்தைப் படம் எடுத்துச் சேமித்துவிட்டு நீக்குங்கள். வீடு இன்னும் காலியாக இருந்தால் அதை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அந்தப் பெண்ணுக்கே விண்ணப்பிக்க வாய்ப்புத் தருவது சமரசத்தில் பெரிதாகப் பேசும். புது விளம்பரத்தில் ஆளைப் பற்றி எதுவும் வேண்டாம். அறை எத்தனை, வாடகை எவ்வளவு, என்ன வருமானம், என்ன கிரெடிட் ஸ்கோர் எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதுங்கள், எல்லாரிடமும் அதையே கேளுங்கள். நீங்களே சமைக்கும் பொது அடுப்படி என்றால், ‘இந்தச் சமையலறையில் இறைச்சி சமைப்பதில்லை’ என்று எழுதலாம். அது வீட்டு விதி, வருகிற எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்தும். ‘சைவக் குடும்பம்’ என்றால் ஆளின் மதத்தையோ சாதியையோ சுற்றி வளைத்துக் கேட்டதாகத்தான் படிப்பார்கள். மறு பாதி வீட்டின் அடுப்படிக்கு அந்த விதியையும் போடாதீர்கள். அந்தச் சமையலறை வாடகை கொடுக்கிறவருடையது.